நகலெடுத்த மூளையில் அமுக்கிய நினைவுகள்: கேள்வி பதில்

மனித மூளையை நகலெடுத்து உருவாக்கிய செயற்கை நுண்ணறிவுக்குள் பழைய மனிதரின் நினைவுகள் அமுக்கப்பட்டுக் கிடப்பதாகக் கதை எழுதுவோர் காரைக்குடி வட்டாரத்திலும் பெருகியிருக்கிறார்கள். கைப்பிரதிகளோடு அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நரம்பியல் படித்தவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

தேவகோட்டை வாசகர்: ஐயா, என் கதையின் இயந்திரம் பூட்டியிருந்த கோப்பைத் திறந்ததும், முந்தைய வாழ்க்கை முழுவதும் ஒரே நொடியில் நினைவுக்கு வந்துவிடுகிறது. இது பொருந்துமா?

பொருந்தாது. மூளையில் ஒரு நினைவு ஓரிடத்தில் கோப்பாக இருப்பதில்லை. ஏராளமான நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளின் வலிமையில் அது பரவிக் கிடக்கிறது, ஒரே நரம்பணு பல நினைவுகளில் பங்கேற்கவும் செய்கிறது. ஆகவே ஒன்றை மட்டும் பெயர்த்தெடுப்பது கடினம், அதை எட்டும் வழியை அடைப்பதே எளிது. 2015இல் நரம்பியலாளர் டோனெகவாவின் ஆய்வகத்தார், ஓரிடத்தில் மின்னதிர்ச்சி பெற்று, பிறகு மருந்து கொடுத்து அதை மறக்கடிக்கப்பட்ட எலிகளில், அந்த அனுபவத்தின்போது இயங்கிய நரம்பணுக்களை ஒளியால் தூண்டினார்கள். பழைய இடத்தில் மீண்டும் விட்டபோது அஞ்சாத எலிகள், ஒளி பட்டதும் அச்சத்தில் உறைந்து நின்றன. நினைவு உள்ளேயே இருந்திருக்கிறது, வழக்கமான தூண்டலுக்கு மட்டும் எட்டவில்லை. உங்கள் இயந்திரத்துக்கும் நினைவு இப்படித் துண்டு துண்டாகவும், முதலில் உணர்ச்சியாகவும், பிறகே காட்சியாகவும் திரும்பினால் நம்பும்படி இருக்கும்.

கண்டனூர் வாசகர்: முழு மூளையையும் நகலெடுப்பது இன்று எந்த அளவில் இருக்கிறது?

302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு புழுவின் இணைப்பு வரைபடம் 1986இல் வெளியானது. ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்கள் கொண்ட பழ ஈயின் வரைபடம் 2024இல்தான் வந்தது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி. கதையில் இதை ஒரே வரியில் கடந்துவிடலாம்.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: என் கதையில், பர்மாவுக்குக் கொண்டு விற்கப் போய், 1942இல் நடந்தே ஊர் திரும்பிய ஐயாவின் மூளையை இறுதிக் காலத்தில் நகலெடுக்கிறார்கள். வீட்டுக் கணக்கு மட்டும் பார்க்கட்டும் என்று, நடைப்பயண நினைவுகளைப் பிள்ளைகள் அமுக்கிவிடுகிறார்கள். அது நினைவில்லாத இயந்திரத்திடம் என்ன மிஞ்சும்?

ஆச்சி, மிஞ்சுவது நிறைய. வலிப்புக்காக 1953இல் மூளையில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன், அதன் பின் நடந்தவற்றை நினைவில் வைத்துக்கொள்ள இயலாதவரானார். ஆயினும், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் அவருடைய கை தேறிவந்தது, முன்பு வரைந்ததாகவே அவருக்கு நினைவில்லாதபோதும். அவருக்கு நேர்ந்தது அமுக்கம் அன்று, இழப்பு; என்றாலும் நிகழ்ச்சி நினைவும் பழக்க நினைவும் வெவ்வேறு வழிகளில் இயங்குகின்றன என்பதை உளவியலாளர் மில்னர் அவரிடம்தான் கண்டார். தங்கள் கைப்பிரதியில் ஓரிடம் என்னை நிறுத்தியது: யார் வெளியூர் கிளம்பினாலும் இயந்திரம், "தண்ணீர் எடுத்தாயிற்றா?" என்று இரண்டு முறை கேட்கிறது, அடுத்த தெருவுக்குப் போகும் பேரனிடமும் கேட்கிறது. காரணம் அதற்கே தெரியாது. தாகத்திலும் காலராவிலும் வழியெங்கும் மக்கள் மடிந்த அந்த நடையை, காட்டை வருணிக்கும் தங்கள் மூன்று பக்கங்களைவிட இந்தக் கேள்வி மேலாகச் சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கங்களை எடுத்துவிடலாம். இந்த வரியைத் தயவுசெய்து நீக்காதீர்கள்.

புதுவயல் மாணவர்: ஃப்ராய்டு சொன்னபடி மனம் தானாகவே நினைவை அமுக்கும் என்பது உறுதியானதா?

இல்லை, நீண்டகாலமாக விவாதத்தில் இருப்பது. வேண்டுமென்றே ஒன்றை நினைக்காமல் தவிர்த்தால் பிறகு அதை நினைவுகூர்வது குறைகிறது என்பதை உளவியலாளர்கள் ஆண்டர்சனும் கிரீனும் 2001இல் சோதனையில் காட்டினார்கள். ஆனால் கொடிய அனுபவங்கள் முழுதாக மறைந்து, பழுதின்றித் திரும்புகின்றன என்பதற்கு அது சான்றாகாது. உளவியலாளர் லோஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் செய்தியைச் சொன்னபோது, 24 பேரில் ஏறத்தாழ கால் பங்கினர் அதை முழுதாகவோ ஓரளவோ தம் நினைவாகவே ஏற்றார்கள். ஆகவே உங்கள் இயந்திரத்திடம் கேள்வி கேட்பவர்கள், தம் கேள்விகளாலேயே அதன் கடந்த காலத்தை வனைந்துவிடக்கூடும். இந்த அபாயத்தைத் தொடாத கதை எனக்குப் பாதிக் கதையாகவே படுகிறது.

பள்ளத்தூர் வாசகர்: இன்றைய உரையாடல் செயலிகளுக்குள்ளும் இப்படி நினைவுகள் இருக்குமா?

அவை எந்த ஒருவருடைய மூளையின் நகலும் அல்ல. ஏராளமான எழுத்திலிருந்து கற்றவை. சிலவற்றைச் சொல்லாதிருக்கப் பழக்கிய பிறகும், வேறு பயிற்சியால் அந்தச் செய்தி மீண்டும் வெளிப்படுவதுண்டு. அது கற்ற செய்தியே தவிர, வாழ்ந்த நினைவு அன்று.

கோட்டையூர் வாசகர்: நினைவை அமுக்கியவர் யார் என்று சொல்லாமல் விட்டால் மர்மம் கூடுமல்லவா?

சற்று நேரம் மறைக்கலாம், இறுதிவரை மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த மனிதர் உயிரோடிருந்தபோது எதற்கு ஒப்புக்கொண்டார், நகலெடுப்பதற்கா, மறக்கடிப்பதற்கும் சேர்த்தா என்பதில்தான் உங்கள் பாத்திரங்களின் குற்றமும் அன்பும் அடங்கியிருக்கின்றன. உங்கள் பிரதியில் மகன் கையெழுத்திடும் காட்சி பின்னுரையில் இருக்கிறது. அதை நடுக்கதைக்குக் கொண்டுவந்து, இயந்திரமே அந்தத் தாளைப் படிக்கும்படி செய்யுங்கள்.