‘ஸ்ப்ளெனெட்டிக்’ என்றால் மண்ணீரலா, கோபமா?

பழைய ஆங்கில நூல்களில் ‘ஸ்ப்ளெனெட்டிக்’ என்று வருவது மண்ணீரலையா, கோபத்தையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். நடுவில் இன்னொரு அர்த்தமும் உண்டு. இலக்கிய மாணவர் என்று நினைக்கிறேன், அதனால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது மண்ணீரல் சம்பந்தப்பட்ட எதையும் குறிக்கும் வெறும் உடற்கூற்றுச் சொல். இன்று அதற்கு ‘ஸ்ப்ளெனிக்’ என்கிறார்கள். மண்ணீரல் நோய் உள்ளவரையும் ‘ஸ்ப்ளெனெட்டிக்’ என்றார்கள். அப்புறம் காரணமில்லாமல் மனம் சோர்ந்து கிடப்பவரை. இப்போது மிஞ்சியிருப்பது சிடுசிடுப்பு மட்டும். இதற்கெல்லாம் வேர் 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன். ரத்தத்திலிருக்கும் கரும்பித்தத்தை (உடம்பில் இருப்பதாக அந்தக் கால மருத்துவம் நம்பிய ஒரு கருப்புத் திரவம்) மண்ணீரல் இழுத்துக்கொள்கிறது, அது தவறினால் மனம் இருண்டுவிடும் என்பது அவர் கொள்கை. ‘மெலங்கோலி’ என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் கரும்பித்தம் என்றுதான் பொருள்.

இதற்கு நான் பதில் எழுதக் காரணம், எனக்கு மண்ணீரல் கிடையாது. பி.ஏ. இரண்டாம் வருடம் பைக்கிலிருந்து விழுந்ததில் ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. உள்ளே ரத்தக்கசிவு நிற்கவில்லை, மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து வகுப்புக்குப் போனால் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் ‘தி ரேப் ஆஃப் தி லாக்’ என்ற கவிதை. அதன் 1714ஆம் வருடப் பதிப்பில் நான்காம் காண்டத்தில் மண்ணீரல் குகை (மண்ணீரலுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ளீன்’) என்று ஓர் இடம் வரும். “ஸ்ப்ளீன்னா கோபம், எழுதிக்கோங்க” என்றார் ஆசிரியர். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்போ இவனுக்கு இனிமே கோபமே வராது சார்” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் நேராக நூலகத்துக்குப் போய்விட்டேன்.

போப்பின் அந்தக் குகையில் இருப்பது வெறும் கோபம் அல்ல. தலைவலி, படுக்கை, ஏக்கம், இருட்டு. ஷேக்ஸ்பியரிடம் போனால் ஹாம்லெட், தான் ‘ஸ்ப்ளெனிட்டிவ்’ ஆள் இல்லை என்கிறான். அங்கே அது சட்டென்று பொங்குகிற குணம். ‘ட்வெல்ஃத் நைட்’டிலோ அதே ஸ்ப்ளீன் வயிறு வலிக்கச் சிரிப்பதற்கு வருகிறது. ரோமானியரான பிளினி எழுதியதைப் படித்தபோதுதான் கை நடுங்கியது: மண்ணீரலை எடுத்துவிட்டால் மனிதனுக்குச் சிரிப்பு போய்விடும் என்று சிலர் நம்பினார்களாம். “நீ சிரிச்சு எத்தனை நாளாச்சுடா” என்று அம்மா அப்போது தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் சிரிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வரியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

நான் மொழியியலாளனும் இல்லை, மருத்துவனும் இல்லை. ‘கரும்பித்தம் என்று ஒன்றே கிடையாது’ என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அது எனக்கும் தெரியும். சொல்லின் கதை வேறு, உடம்பின் கதை வேறு. உங்கள் வாக்கியம் 17ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலில் இருந்தால் ‘மண்ணீரல் சார்ந்த’ என்றும், 18ஆம் நூற்றாண்டுக் கவிதையில் இருந்தால் ‘மனச்சோர்வு’ என்றும் முதலில் பொருத்திப் பாருங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசி அவசியம். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்கு இதை அறுவை சிகிச்சை செய்த இடத்தில் யாருமே சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்து வேறொரு ஊரில், காய்ச்சலோடு போனபோது ஒரு டாக்டர் அதிர்ந்துபோய்க் கேட்டுத்தான் தெரிந்தது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஸ்ப்ளெனெக்டமி’, அதாவது மண்ணீரல் அகற்றம், என்று ஒரே ஒரு சொல் இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படித்துப் புரிந்துகொள்ள அன்றைக்கு யாரும் இல்லை.