பனிச்சறுக்கில் ‘வேகப் போட்டி’ என்றால் என்ன? இத்தாலிய வீராங்கனை சோஃபியா கோஜாவுக்கு ஏன் பதக்கமும் காயமும் மாறிமாறி வருகின்றன?

டவுன்ஹில், சூப்பர்-ஜி இரண்டும்தான் வேகப் போட்டிகள். வளைவுகள் குறைவு, சரிவு நீளம், வேகம் மணிக்கு 120 கி.மீ.யைத் தாண்டும். நெருக்கமான கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலமில் இரண்டு சுற்று உண்டு. இங்கே ஒரே ஒரு இறக்கம்தான். சூப்பர்-ஜியில் ஒத்திகை ஓட்டம்கூடக் கிடையாது, காலையில் தடத்தைப் பார்த்து மனதில் பதித்துக்கொள்வதோடு சரி.

இத்தாலியின் பெர்கமோவில் பிறந்த கோஜா 2018 ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வென்றவர். 2022 ஜனவரியில் கோர்ட்டினாவில் விழுந்து இடது முழங்கால் தசைநார் பாதி கிழிந்தது, கால் எலும்பிலும் சின்ன விரிசல். 23 நாள் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக் டவுன்ஹில்லில் வெள்ளி! எனக்கு அந்தத் தங்கத்தைவிட இந்த வெள்ளிதான் பெரிதாகத் தெரிகிறது.

காயத்துக்குக் காரணம் எளிது: வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். சைக்கிளில் மேட்டிலிருந்து பிரேக் பிடிக்காமல் இறங்கிப் பாருங்கள், சின்னக் கல்கூட ஹேண்டிலைத் திருப்பிவிடும். அவர் காலில் இருப்பதோ இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான பலகைகள்; ஒன்றின் விளிம்பு பனியில் தப்பாகக் கடித்தால் முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும்.

‘சரிவுதானே இழுத்துக்கொண்டு போகிறது, இவர் சும்மா நிற்கிறார்’ என்று பலர் நினைக்கிறார்கள். அதே சரிவு எல்லோரையும்தான் இழுக்கிறது. குனிந்து காற்றைக் கிழிப்பதிலும் வளைவில் வழுக்காமல் திரும்புவதிலும்தான் வெற்றியைத் தீர்மானிக்கும் நூறில் ஒரு பங்கு நொடிகள் மிச்சமாகின்றன.