மூலையில் நிற்கும் செயற்கைக்கால் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

என் அப்பாவுக்கு 61 வயது. திண்டுக்கல் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவர், ரொம்ப வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் வந்த புண் ஆறாமல், எட்டு மாதம் முன்பு இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்காவது மாதம் செயற்கைக்கால் செய்து கொடுத்தோம். கொஞ்ச நாள் போட்டார், இப்போது மூலையில் நிற்கிறது. கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டோம். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் யாரோடும் பேசுவதில்லை. ராத்திரியானால் இல்லாத காலின் கட்டைவிரல் எரிகிறது என்கிறார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அம்மா அழுகிறார். இனிமேல் அவருக்கு நல்ல வாழ்க்கை என்று ஒன்று உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உண்டு. நான் டாக்டர் இல்லை. என் பெரியப்பா மகனுக்கு இதே நிலை வந்தபோது கூடவே அலைந்ததில் தெரிந்துகொண்டதையும் அப்புறம் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அப்பாவின் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கால் இன்னும் இருப்பது போலத் தோன்றும், பலருக்கு அது வலிக்கவும் செய்யும். கால் போனாலும் மூளையில் அதற்கென்று இருந்த இடம் போவதில்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தவர்களிடம் சாதாரண நிலைக்கண்ணாடியைக் கொண்டே இதற்கு ஒரு வழி காட்டினார். இருக்கிற கையைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைத்தால், இல்லாத கை அசைவதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது, சிலருக்கு வலி இறங்குகிறது. காலுக்கும் இதைச் செய்கிறார்கள். எல்லோருக்கும் கேட்காது, ஆனால் நரம்பு வலிக்கு மாத்திரைகளும் இருக்கின்றன. டாக்டரிடம் வெட்கப்படாமல் "இல்லாத கால் வலிக்கிறது" என்றே சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் தினமும் கேட்கிற பேச்சுதான் அது.

அடுத்தது, அந்தச் செயற்கைக்காலை ஏன் கழற்றி வைத்தார் என்று அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எனக்கென்னவோ சாக்கெட் மேல்தான் சந்தேகம், அதாவது செயற்கைக்காலில் மிச்சக் கால் நுழைகிற கிண்ணம் போன்ற பகுதி. வெட்டுப்பட்ட காலின் மிச்சப் பகுதி மாதக்கணக்கில் வற்றிக்கொண்டே வரும். நான்காவது மாதம் அளவெடுத்த சாக்கெட் எட்டாவது மாதத்தில் லொடலொடவென்று ஆடும், எலும்பு முனை கீழே இறங்கி இடிக்கும், தோல் உரசும். ஒரு புண்ணால் காலையே இழந்த மனிதருக்குத் தோல் சிவந்தாலே குலை நடுங்காதா? பார்ப்பதற்குப் பிடிவாதம் போலத் தெரிவது பயமாக இருக்கலாம். மிச்சக் காலின் மேல் கூடுதலாக ஒரு துணி உறை மாட்டினாலே சில சமயம் சரியாகிவிடும், இல்லையென்றால் சாக்கெட்டை மாற்றித்தான் ஆகவேண்டும். செய்த இடத்துக்கே கூட்டிப் போங்கள். அங்கே சரிவரவில்லையென்றால் சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. அப்புறம், முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறாரா என்று பாருங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டால் எந்தச் செயற்கைக்காலிலும் நேராக நிற்க முடியாது.

ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் 1960களின் கடைசியில் 'ஜெய்ப்பூர் கால்' என்கிற ரப்பர் பாதத்தை உருவாக்கியபோது யோசித்தது நம் ஆட்களின் அன்றாடத்தைத்தான். வெறுங்காலோடு நடப்பார்கள், சம்மணம் போடுவார்கள், குத்தவைப்பார்கள், சேற்றில் இறங்குவார்கள். ஷூவுக்குள் மறைக்கச் செய்த பாதம் அதற்கெல்லாம் உதவாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் அப்பாவின் ஒரு நாளை அப்படி ஒருதரம் காலையிலிருந்து ராத்திரி வரை நடந்து பாருங்கள். ராத்திரி காலைக் கழற்றிய பிறகு கழிப்பறைக்கு எப்படிப் போகிறார்? அம்மாவை எழுப்பவேண்டியிருக்கிறதா? வெஸ்டர்ன் கோப்பை, சுவரில் உறுதியான இரண்டு கைப்பிடி, படுக்கைக்குப் பக்கத்திலேயே வாக்கர், இவ்வளவுதான் செலவு. மனைவியைத் தூக்கிவிடச் சொல்லிக் கூப்பிடுவது அந்த வயது ஆணுக்கு எவ்வளவு பெரிய அவமானமாகத் தோன்றும் என்று நமக்குப் புரிவதில்லை, அதற்குப் பயந்தே சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறையும் வைக்கவில்லை என்கிறீர்கள், ஆனால் கடையை அவரிடமிருந்து வாங்கிவிட்டீர்கள். அன்பால்தான் செய்தீர்கள், தெரியும். கடைக்காரர் என்பவர் நாள் பூராவும் நாலு பேரோடு பேசுகிறவர், யாருக்குக் கடன் கொடுக்கலாம் யாருக்குக் கூடாது என்று முடிவெடுக்கிறவர். டாக்டர் எடுத்தது கால் மட்டும்தான், அந்தப் பேச்சும் முடிவும் நின்றுபோனது வீட்டில். கல்லாவில் உட்கார ஒரு காலே போதும். புது சாக்கெட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள், முதலில் இரண்டு மணி நேரம். ஒரு விசேஷத்துக்கும் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 1981இல் திருச்சி அருகே விபத்தில் கால் இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மறுபடி மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரனின் கதையைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரிடம் சொல்லியிருப்பார்கள். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு நடன மேடை வேண்டாம், அவருடைய தராசு வேண்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கவில்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், உதவிகளுக்கெல்லாம் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கடைசியாக அந்த வலது கால். சர்க்கரையால் ஒரு கால் போனவருக்கு மற்ற காலுக்கும் ஆபத்து அதிகம், இப்போது உடம்பின் பாரமும் அதன் மேல்தான் விழுகிறது. உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. தினமும் ராத்திரி யாராவது ஒருவர் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும், வீட்டுக்குள்ளேயும் செருப்பு வேண்டும். சின்னக் கொப்புளம் தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள், கடையை அப்பா பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, பூட்டிவிட்டுப் போங்கள்.