அறுவைக்கு முந்தைய இரவுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டதைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 43. கருங்கல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. தைராய்டின் இரு பக்கமும் கட்டிகள். வலப்பக்கக் கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை லேசாகத் தள்ள ஆரம்பித்துவிட்டது. ஊசியால் எடுத்துப் பார்த்த சோதனையில் புற்றுநோய் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் முழுவதும் எடுத்துவிடுவதே நல்லது என்கிறார் டாக்டர். அடுத்த வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் அறுவை.

பத்து நாளாகத் தூக்கம் இல்லை. இரண்டு பிரசவமும் சிசேரியன்தான். அப்போது இப்படிப் பயந்ததில்லை. கழுத்து என்றதும் உடம்பு நடுங்குகிறது. சபைப் பாடகர் குழுவில் இருபது வருடமாக சோப்ரானோ, அதாவது பெண்களின் உச்சக் குரல், பாடுகிறேன். இப்போது கிறிஸ்மஸ் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. குரல் போய்விட்டால்? மயக்கத்திலிருந்து எழாமலே போய்விட்டால்? பிழைத்தாலும் வாழ்நாள் முழுக்க மாத்திரை என்கிறார்கள். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார், புதன்கிழமைதான் வருகிறார். மாமியாரிடமும் பிள்ளைகளிடமும் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். ஜெபம் செய், பயம் போய்விடும் என்கிறார்கள். ஜெபிக்கிறேன், போகவில்லை. அதுவே தனி வருத்தமாகிவிட்டது. பக்கத்து வீட்டிலோ, எல்லாவற்றுக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிரியக்க மணல்தான் காரணம் என்கிறார்கள்.

தைரியமாக இருப்பது எப்படி என்று சொல்லுங்கள்.

எஸ்.
(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள எஸ்.,

தைரியத்தைப் பற்றிக் கேட்க ஆள் மாறி வந்துவிட்டீர்கள். 2017 ஆகஸ்டில், அறுவைக்கு முந்தைய இரவு, நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி அறையில், துணைக்கு வந்த மைனி (அண்ணி) தூங்கிய பிறகு, குளியலறைக் கண்ணாடி முன்னால் முக்கால் மணி நேரம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். விழுங்கும்போது கட்டி மேலே ஏறி இறங்கும். அதைப் பார்ப்பதற்காகவே எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தேன். கத்தி படுவதற்கு முன்பே தொண்டை வலிக்க ஆரம்பித்துவிட்டது.

கழுத்து என்றதும் நடுங்குவதில் நம் மொழிக்கும் பங்கிருக்கிறது. நம்பியவன் ஏமாற்றினால் கழுத்தை அறுத்துவிட்டான் என்கிறோம். கடன்காரன் கழுத்தில் கத்தி வைக்கிறான். மேடையில் விடாமல் பேசுகிறவர்கூடக் கழுத்தறுக்கிறார். வயிற்றை அறுத்துவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு முறை வயிற்றைத் திறந்து பிள்ளை எடுத்தபோது வராத பயம் இப்போது வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சொல்லைத் தள்ளி வைத்துவிட்டு, வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று பார்ப்போம். தைராய்டு சுமார் 20 கிராம் எடையுள்ள சுரப்பி. உங்களுடையது வீங்கியிருப்பதால் கூடுதலாக இருக்கும். கழுத்தில் ஏற்கெனவே இருக்கும் மடிப்பை ஒட்டித் தோலைத் திறப்பார்கள். அடியிலுள்ள தசைகளை நடுவில் பிரித்து, திரைச்சீலையைப் போல இருபுறமும் ஒதுக்குவார்கள். இதற்காகத் தோளுக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தலையைப் பின்னால் நன்றாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். அதனால் எழுந்தபோது எனக்குத் தையல் போட்ட இடத்தைவிடப் பிடரிதான் அதிகம் வலித்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முன்பக்கம் வெட்டினால் பின்பக்கம் ஏன் வலிக்கிறது, எதையோ தவறாகச் செய்துவிட்டார்களோ என்று அரை நாள் புழுங்கினேன். உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்தது குரல். சுரப்பிக்குப் பின்னால், மூச்சுக்குழாயை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக நூல் போன்ற இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. குரல்நாண்களை அசைப்பவை அவை. அவற்றின் பாதை வினோதமானது. இடப்பக்க நரம்பு தலையிலிருந்து இறங்கி, போகவேண்டிய குரல்வளையைத் தாண்டி நெஞ்சுவரை போய், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறி வருகிறது. பக்கத்து வீட்டுக்குப் போக மார்த்தாண்டம் வரை போய்த் திரும்புவதுபோல. அறுவை செய்பவர் இந்த நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் சுரப்பியைப் பிரிப்பார். அனுபவமுள்ள கைகளில் நிரந்தரமான குரல் பாதிப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான். சில வாரங்கள் கரகரத்துப் பிறகு சரியாகிறவர்கள் அதைவிட அதிகம். எனக்கு ஐந்து வாரம் கரகரத்தது. தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் என்னை என் கணவர் என்று நினைத்து, "மேடம் எப்படி இருக்கிறார்?" என்று என்னிடமே விசாரித்தார்கள். தேறிவருகிறார் என்று சொல்லி வைத்தேன்.

பாடுகிறவர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. மேல் சுருதியை எட்டும்போது குரல்நாணை இழுத்துப் பிடிக்கும் தசைக்கு, சுரப்பியின் மேல்முனையை ஒட்டி வேறொரு மெல்லிய நரம்பு போகிறது. அதற்கு ஏதாவது ஆனால் பேச்சில் பெரிதாகத் தெரியாது, பாடும்போது தெரியும். ஆகவே, நான் பாடுகிறவள், மேல் சுருதி எனக்கு முக்கியம் என்று அறுவை செய்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள், தொண்டைக்குள் குழாய் விடுபவர் அவர்தான். குரல்நாண்களை முன்பே ஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். இந்தக் கிறிஸ்மஸுக்கு என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பாடகர் குழுத் தலைவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அறுவையோடு சேர்த்து ஒரு கெடுவையும் சுமக்க வேண்டாம்.

எழாமலே போய்விடுவோமோ என்ற பயத்துக்கு ஒரு காலத்தில் முழு நியாயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 40 பேர்வரை இறந்தார்கள். இரத்தப்போக்கில் போனவர்கள் உண்டு, சீழ் பிடித்துப் போனவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடோர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர், அவசரமே படாமல், ஒவ்வோர் இரத்தக் குழாயாகக் கட்டிக் கட்டி, ஆயிரக்கணக்கான அறுவைகளில் அந்தக் கணக்கை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறக்கினார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. சுரப்பியை முழுதாக எடுத்த ஒரு சிறுமி மந்தமாகிவிட்டாள் என்று தெரிந்ததும் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். முழுதாக எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அப்படி ஆகியிருந்தார்கள். 1883இல் அதை அவரே மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னார். எட்டு வருடம் கழித்து, 1891இல், இங்கிலாந்தில் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்மணியைத் தேற்றினார்கள். நீங்கள் அலுத்துக்கொள்கிற வாழ்நாள் மாத்திரை அந்த வழியில் வந்தது. சுரப்பி சுரந்துகொண்டிருந்த அதே சரக்குதான், இப்போது மாத்திரையாக. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கட்டன்சாயா. மாத்திரை எனக்குப் பழகிவிட்டது. சாயாவுக்குக் காத்திருப்பது இன்றுவரை பழகவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, "சிரித்துக்கொண்டே இருக்கிறேன்" என்பது.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சாமர்வெல்லைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலாந்துக்காரர். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இங்கேயே அறுவை மருத்துவராக இருப்பது என்று முடிவு செய்தார். 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஜூன் 4ஆம் தேதி, ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறிவிட்டு இறங்கும்போது, குளிரில் செத்துப்போன தொண்டையின் உட்சவ்வு கழன்று மூச்சை அடைத்துவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த கூட்டாளி நார்ட்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்துவிட்டார். சாமர்வெல் ஓவியமும் வரைகிறவர். அதனால் நார்ட்டன், ஏதோ காட்சியை வரையப் பின்தங்கிவிட்டார் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தார். கடைசியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை ஓங்கி அழுத்த, அடைத்திருந்தது இரத்தத்தோடு வாய்க்கு வந்தது. பிழைத்து நெய்யூருக்குத் திரும்பி, இருபது வருடத்துக்கு மேல் நம் தாத்தா பாட்டிகளின் வயிற்றுப் புண்ணை அறுத்துச் சரி செய்துகொண்டிருந்தார்.

நீங்கள் படம் வரைந்துகொண்டிருப்பதாகத்தான் உங்கள் மாமியாரும் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஜெபித்தும் பயம் போகவில்லையே என்ற வருத்தத்துக்கு நான் பதில் சொல்லலாமா தெரியவில்லை. ஆனால் நான் படித்தது மிஷன் பள்ளியில், வேத பாடத்தில் பரிசு வாங்கியவள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று சீடர்களைக் கூட்டிக்கொண்டு போய், சாகிற அளவுக்குத் துக்கமாக இருக்கிறது, என்னோடு விழித்திருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கிறார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரரும் புதன்கிழமை பயணக் களைப்பில் தூங்கிவிடலாம். எழுப்பிச் சொல்லுங்கள்.

நான் யாரையும் எழுப்பவில்லை. தைராய்டின் பின்புறம் அரிசிமணி அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அறுவையில் அவை கொஞ்சம் அதிர்ந்துபோனால் ஓரிரு நாளில் கால்சியம் இறங்கும். இரண்டாம் நாள் இரவு பதினொன்றரைக்கு எனக்கு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு விரல் நுனிகளிலும். பயந்தாங்கொள்ளி, எல்லாம் உன் மனப்பிரமை என்று என்னையே திட்டிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். மைனி பாவம், இரண்டு நாளாகத் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு நர்ஸ் இரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். கையில் கட்டிய பட்டை இறுக இறுக, மணிக்கட்டு தானாக மடங்கியது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்துகொண்டன. விரிக்கப் பார்க்கிறேன், என் கை நான் சொல்வதைக் கேட்கவில்லை. பாதி தமிழும் பாதி மலையாளமும் பேசுகிற சின்னப் பெண் அவள். "பேடிக்கண்டா சேச்சி" (பயப்படாதீங்க அக்கா) என்று சொல்லிவிட்டு ஓடினாள். கால்சியம் மருந்து இரத்தக் குழாய் வழியாக மெல்ல மெல்ல ஏறியது, விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பதினொன்றரைக்கே சொல்லியிருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார் காலையில் வந்த டாக்டர். உடம்பு கொடுத்த தகவலுக்கு நானே பயம் என்று பெயர் வைத்துக் கிடப்பில் போட்டிருந்தேன்.

உதடு மரத்தாலோ விரல் ஊறினாலோ உடனே சொல்லுங்கள். முதல் நாளில் கழுத்து வீங்கி இறுகுவதுபோல இருந்தாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மணியை அழுத்துங்கள். முந்தைய இரவு தூக்கம் வராது என்பதையும் மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லலாம். தேவையென்றால் அதற்கும் மாத்திரை தருவார். நீங்களாகக் கடையில் எதையும் வாங்கிப் போட வேண்டாம். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, எங்கள் சித்திக்கும் இதேதான், பாவம், என்று ஆரம்பிக்கிறவர்களை மட்டும் மாமியாரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பயத்தைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் வாசலில் நின்று தடுக்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

மணல் விஷயம்: தைராய்டுக் கட்டிகள், அதிலும் பெண்களுக்கு, மணலே இல்லாத ஊர்களிலும் சர்வ சாதாரணம். நம்முடையதைப் போன்ற கதிரியக்க மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல ஆயிரம் பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மணலால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அடுத்து மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) மேல் பழி வரும். அயோடின் குறைந்த ஊர்களில் அதற்கும் தைராய்டு வீக்கத்துக்கும் தொடர்பு உண்டு. கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, கூடவே மீன்கறியும் வைத்துச் சாப்பிடுகிற நமக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். தியேட்டருக்குள் போகும் முன்பு உடம்பிலுள்ள நகையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். என் மூக்குத்தியின் திருகு பதினெட்டு வருடமாக அசையாமல் இருந்தது. இரண்டு நர்ஸ்களும் மைனியும் இருபது நிமிடம் அதோடு போராட, நான் தள்ளுவண்டியில் அண்ணாந்து படுத்துத் தும்மிக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு மூக்குத்தி இல்லாவிட்டாலும் கல்யாண மோதிரம் இருக்கும். இன்றைக்கே தேங்காய் எண்ணெய் தடவிக் கழற்றிப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா