380,000 கி.மீ. ஓடிய பழைய பிக்கப்பை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா? தேய்மானத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என்னுடையது 2.5 லிட்டர் டீசல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2009-ஆம் வருஷத்து வண்டி, இரண்டாவது கையாக வாங்கியது. இன்று காலை மீட்டரில் 412,000-க்கு மேல் இருந்தது. அதனால் 380,000-க்கே நீங்கள் பயப்படுவதைப் பார்த்து முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது.

மீட்டரை நம்பாதீர்கள். திருப்பி வைத்திருப்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, அதுவும் நடக்கிற கதைதான். மீட்டர் உண்மையைச் சொன்னாலும் பாதிதான் சொல்லும். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் நெடுஞ்சாலையில் 90-இல் போய்வரும் வண்டி 10,000 கி.மீ. ஓட 110 மணி நேரம் போதும். லிந்தாங் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துச் செம்மண் பாதையில் 20-இல் ஊர்ந்தால் அதே 10,000-க்கு 500 மணி நேரம். குலை ஏற்றும்போது எஞ்சினை அணைக்காமல் நிற்கும் நேரம் இதில் சேரவில்லை. தோட்டத்து டிராக்டரை யாரும் கிலோமீட்டர் பார்த்து சர்வீஸ் செய்வதில்லை, 250 மணி நேரம் என்று ஒரு கணக்கு வைத்து ஆயில் மாற்றுவார்கள். நம் பிக்கப் பார்ப்பதும் பாதி டிராக்டர் வேலைதானே.

பிக்கப்பில் மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் கிடையாது. எஞ்சின் உழைத்த அளவுக்குத்தானே டீசல் எரியும், எனவே நான் லிட்டர் கணக்கு வைக்கிறேன். இது பெரிய யோசனையில் வந்ததில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனதே, அன்றைக்கு வயிற்றெரிச்சலில் ஒரு 555 புத்தகம் வாங்கினேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். தேதி, மீட்டர், எத்தனை லிட்டர், எங்கே ஓடியது என்று டீசல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி. ஒவ்வொரு முறையும் டாங்கியை நிரப்ப வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பும். செலவைப் பார்க்க ஆரம்பித்தது, மூன்று மாதத்தில் வண்டியின் மருத்துவக் குறிப்பேடு ஆகிவிட்டது.

என் வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 11 கி.மீ. போகும், தோட்டத்தில் ஆறரை. 700 லிட்டர் எரிந்தால் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். தோட்ட வேலை அதிகமான மாதங்களில் அது 4,500 கி.மீ.யிலேயே வந்துவிடும், கல்யாணம் கருமாதி என்று ஊர் சுற்றிய மாதங்களில் 7,000 தாண்டும். வேலைக்கு ஏற்றபடி தவணை தானே கூடிக் குறையும். கையேட்டில் இப்படி இருக்காது, இது என் கணக்கு.

அந்தப் புத்தகம் ஒரு முறை என்னைக் காப்பாற்றியது. ஆறரை வந்துகொண்டிருந்தது திடீரென்று 5.8. பாதை அதே பாதை, சுமை அதே சுமை. இன்ஜெக்டர்தான் போய்விட்டது, பெரிய செலவு என்று பயந்து போமனிடம் போனேன். எங்கள் பக்கம் மெக்கானிக்கைப் போமன் என்றுதான் சொல்வோம். சீனப் பெரியவர். பானெட்டைத் திறக்கவே இல்லை. "அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா" என்றார். வந்ததும் நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். மூன்று வெதுவெதுப்பு. முன் இடது சக்கரத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பருக்குள் செம்மண் போய், பிஸ்டன் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. உள்பக்க பேட் 2 மில்லிமீட்டர்கூட இல்லை, வெளிப்பக்கம் இன்னும் 7 இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பேடையும் தனித்தனியாக அளந்து எழுதுகிறேன். சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பது இப்போது வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவது மாதிரிப் பழகிவிட்டது.

டைமிங் பெல்ட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைப்பது அதுதான். இந்தப் பழைய 2.5-இல் இருப்பது சங்கிலி இல்லை, ரப்பர் பெல்ட். மாற்றும் நேரம் வந்தால் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று விளக்கு எரியும். நான் வாங்கும்போது விளக்கு எரியவில்லை, "பெல்ட் புதுசு" என்று விற்றவரும் சத்தியம் செய்தார். மூடியைத் திறந்தால் பெல்ட்டின் முதுகில் வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடிப்பு. பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்திருக்கிறார்கள். அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும், அப்புறம் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். உங்கள் வண்டிக்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

டீசல் ஃபில்டரையும் தள்ளிப் போடாதீர்கள். 2019 முதல் சாதாரண டீசலில் பத்து சதவீதம் செம்பனையிலிருந்து எடுத்த பயோடீசல். நாம் வெட்டி அனுப்பிய குலை நம் டாங்கிக்கே திரும்பி வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் அது தண்ணீரை இழுக்கும், பழைய டாங்கியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மாதம் ஒரு முறை தண்ணீரை வடியுங்கள். ஆற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறினால் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் ஆயிலையும் பார்க்க வேண்டும். தே தாரிக் (நம் பால் டீ) நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டுக்கு மாதா மாதம் கிரீஸ் அடியுங்கள். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது அடியில் 'டொக்' என்று கேட்டால் கொஞ்சம் தாமதித்துவிட்டீர்கள்.

எஞ்சின் தேய்மானம் பார்க்க இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு ஆயிலைத் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளில் விட்டு இரவு முழுக்க வைப்பது. டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அதைப் பற்றிக் கவலையில்லை. கறை மெல்ல மெல்ல வெளுத்துப் பரவியிருந்தால் ஆயில் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் மை கொட்டியது போலக் கரி கெட்டியாக நின்று, ஓரம் மட்டும் வெளுத்திருந்தால் மாற்றும் காலம். அந்தத் தாளையே தேதியோடு 555-க்குள் ஒட்டி வைக்கிறேன். இன்னொன்று, எஞ்சின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பது. லேசாக ஆவி வரும், அது சரி. இட்லிப் பானை மாதிரி குப் குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அதற்குமேல் கம்பிரஷன் பார்ப்பது போமன் வேலை.

இனி விற்பதா, வைத்திருப்பதா? எஞ்சினைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சேஸியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பாருங்கள். எஞ்சின் போனால் பொட்டோங் கடையில் (பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) இன்னொன்று தேடலாம், கியர்பாக்ஸும் அப்படித்தான். சேஸி அப்படி இல்லை. அதில்தான் சேஸி எண் அடித்திருக்கிறது, பெயர் மாற்றும்போது அதைச் சோதிப்பார்கள். தோட்டத்து வண்டிக்கு எமன் உரம். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்புதானே. மூட்டை கிழிந்து கொட்டியது மழையில் கரைந்து சேஸிக்குள் இறங்கினால் கடற்கரை வண்டியைவிட வேகமாகத் துரு பிடிக்கும். நாலைந்து வருஷம் உரம் ஏற்றிவிட்டு மேலே மட்டும் பளபளவென்று கழுவிக்கொண்டிருந்தவன் நான்.

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸி நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டிங்' என்றால் இரும்பு இருக்கிறது. 'தொப்' என்றால் பெயிண்டும் துருவும்தான். என்னுடையதில் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்கு மேலே வலப்பக்கம் ஒரு கையகலத்துக்குத் 'தொப்' கேட்கிறது. சாக்பீஸால் கோடு போட்டு, அளவை 555-இல் எழுதியிருக்கிறேன். உரம் ஏற்றுவதை நிறுத்தியாகிவிட்டது. தைப்பூசம் முடிந்ததும் மறுபடி படுத்துத் தட்டிப் பார்ப்பேன். துரு கோட்டைத் தாண்டியிருந்தால் வண்டியை விற்றுவிடுவேன், இல்லையென்றால் இன்னொரு டைமிங் பெல்ட்.