பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு உணவுப் பாதுகாப்பைப் புவியியல் பாடத்தில் எப்படிப் படிப்பிக்கலாம்?

கொழும்பில் தமிழ்மொழிமூலம் புவியியல் படிப்பிக்கிறேன். எனக்கு முதல் சிக்கல் அந்தச் சொல்லிலேயே வந்தது. கரும்பலகையில் 'உணவுப் பாதுகாப்பு' என்று எழுதியதும் பாதி வகுப்பு ஈ மொய்த்த பணிஸ், காலாவதித் திகதி, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சோதனை என்று எழுதித் தந்தது. பிள்ளைகளில் பிழையில்லை, உணவு கெடாமல் சுத்தமாக இருப்பதற்கும், எல்லாருக்கும் எப்போதும் போதிய உணவு கிடைப்பதற்கும் தமிழில் அதே பெயர்தான். அதனால் இப்போது 'நாளைக்கும் சாப்பாடு நிச்சயமா?' என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். முதல் வருடம், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை பக்கத்துக் கொப்பியைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தது. ஏன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு யாருடைய வீட்டுத் தட்டையும் கேட்பதில்லை. சந்திக் கடையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பேன்.

அந்தப் பட்டியலை உலகப் படத்தில் குறிப்போம். பாணுக்கான கோதுமை முழுக்க இறக்குமதி. மைசூர்ப் பருப்புக்குப் பெயரில்தான் மைசூர். வருவது பெரும்பாலும் கனடா, அவுஸ்திரேலியாவிலிருந்து. பால்மா என்றால் நியூசிலாந்து. தேங்காய்க்குத்தான் கோடு குருநாகல், புத்தளத்தோடு நின்றுவிடும்.

அப்புறம் 2022. முந்தைய வருடத்து இரசாயன உரத் தடையால் நெல் விளைச்சல் விழுந்தது, டொலர் இல்லாமல் இறக்குமதியும் திணறியது. அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய 95 வீதம் கூட. கடையில் சாமான் இருந்தும் வாங்க முடியாத வீடுகள் எத்தனையோ. பொருளியலாளர் அமர்த்தியா சென் 1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றி எழுதியதை இந்த இடத்தில்தான் சொல்வேன்: அரிசி அறவே இல்லாமல் போனதால் அல்ல, வாங்க வழியில்லாமல் போனதால்தான் அத்தனை பேர் செத்தார்கள். நெல் உற்பத்தி அட்டவணையோடு பாடத்தை முடித்தால் இந்தப் பாதி விடுபட்டுப் போகும்.

உணவுப் பாதுகாப்பின் நான்கு பக்கங்களான கிடைப்பு (உணவு இருப்பது), அணுகல் (அதை வாங்க முடிவது), பயன்பாடு (அதைச் சரியாகச் சமைத்துச் சாப்பிட்டு உடலில் சேர்வது), உறுதிநிலை (இதெல்லாம் எப்போதும் நிலைப்பது) என்பவற்றைக் கடைசியில்தான் கொடுப்பேன். சோதனைக்கு வேண்டுமே! 'பயன்பாடு' மட்டும் எப்படிச் சொன்னாலும் விளங்காமல் இருந்தது. போன தவணை பின்வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்: "மிஸ், அரிசி இருந்தது, சமைக்க கேஸ் இல்லை. அதுவும் இதுக்குள்ள வருமா?"

வரும் என்றேன். இப்போது அந்தப் பகுதியை அவன் கேள்வியோடுதான் தொடங்குகிறேன்.