வாசகர் கேள்வி – பதில்: ஆங்கிலக் கிராமத்துக் கடைத்தெரு

கேள்வி: இங்கிலாந்தின் கிராமத்து ஹை ஸ்ட்ரீட்டில் செங்கல் முகப்புள்ள வீடு என்றால் 18-ம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முகப்பு அந்தக் காலத்தது என்று வைத்துக்கொள்ளலாம். வீடு அதைவிட இருநூறு வருடம் மூத்ததாக இருக்கக்கூடும். 18-ம் நூற்றாண்டில் செங்கல்தான் நாகரிகம். கையில் காசு புரண்டவர்கள் பழைய ஓக் மரச்சட்ட வீட்டை இடிக்கவில்லை. தெருப்பக்கம் மட்டும் செங்கல் சுவர் எழுப்பி, மேலும் கீழும் நகரும் சாஷ் சன்னல்களைப் பொருத்திவிட்டார்கள். பின்கட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

அதனால் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து பாருங்கள். செங்கல் மூலையோடு நின்று, அதற்கப்பால் மரச்சட்டமும் சுண்ணாம்புப் பூச்சும் தொடங்கும். நேர்த்தியான முகப்புக்குப் பின்னால் செங்குத்தாகச் சரியும் கூரை இருந்தால் அதுவும் ஒரு துப்பு.

கீழ்த்தளம் கடையாகவோ பப்பாகவோ இருந்தால் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். தெருவுக்கு இணையாக, முன்சுவரிலிருந்து ஓரிரு அடி உள்தள்ளி ஒரு கனத்த உத்தரம் ஓடினால், பழைய முன்சுவர் அங்கேதான் இருந்தது என்று ஊகிக்கலாம். மாடி அதைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்திருக்கும். பிற்பாடு அந்த நீட்டலுக்குக் கீழே சுவர் வைத்து அடைத்திருப்பார்கள். மரங்கள் சேரும் இடத்தில் உளியால் வெட்டிய கோடுகள் தென்படலாம். தச்சர் தன் பட்டறையில் சட்டத்தைக் கோத்துப் பார்த்து, எண் போட்டு, பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியதன் அடையாளம் அது. நான்குக்கு நான்கு கோடு. ஐந்தில் ஒன்றைக் கழித்து IV என்று எழுதும் ரோமன் எண் கணக்கெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கெண்ட், சசெக்ஸ் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். செங்கல் போலவே தெரியும் ஓடுகளை மரச்சட்டத்தின் மேல் பதித்திருப்பார்கள். சுவரின் மூலையைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: செங்கலின் பக்கவாட்டு முகம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு மரப்பட்டி நிற்கும்.

மரச்சட்டத்துக்குக் கறுப்புச் சாயம் பூசுவது பெரும்பாலும் விக்டோரியா காலத்துப் பழக்கம். சஃபோக்கின் லாவன்ஹமில் பார்க்கும் வெள்ளிச் சாம்பல் நிறம்தான் ஓக்கின் சொந்த நிறம்.

கேள்வி: செங்கல் வைத்து அடைத்த சன்னல்கள் எல்லாம் சன்னல் வரிக்குப் பயந்து அடைத்தவைதானா?

பதில்: இல்லை. வீட்டில் எத்தனை சன்னல் என்று எண்ணிப் போட்ட அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது. சிலர் அடைத்ததும் உண்மை. ஆனால் பல சன்னல்கள் பிறக்கும்போதே குருடு. உள்ளே புகைபோக்கியோ குறுக்குச்சுவரோ இருக்கும். முகப்பில் இடமும் வலமும் ஒத்துவர வேண்டும் என்பதற்காகச் சன்னல் வடிவத்தை மட்டும் வைத்திருப்பார்கள். அடைப்புச் செங்கல் சுற்றுச்சுவரின் வரிசைகளோடு பின்னிப் போயிருந்தால் பிறவிக்குருடு. செங்கல் நிறம் மாறி, ஓரம் நெடுகப் பிளவுபோல் நேர்கோடு தெரிந்தால் பின்னால் அடைத்தது.

கேள்வி: தெருவிலுள்ள தூண் தபால்பெட்டியில் அரசர் முத்திரையே இல்லை. போலியா?

பதில்: அவசரப்படாதீர்கள். 1879 முதல் 1887 வரை வார்க்கப்பட்ட தூண் பெட்டிகளில் முத்திரை விட்டுப்போனது. வெறும் 'ஜி.ஆர்' (ஜார்ஜ் ரெக்ஸ், அதாவது ஜார்ஜ் மன்னர்) என்றிருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். அவருக்கு எண் போடவில்லை.

கேள்வி: இப்படிப்பட்ட ஒரு வீட்டை வாங்கியிருக்கிறோம். செங்கல் இடுக்குகள் உதிர்கின்றன. கொத்தனார் சிமென்ட் பூசலாம் என்கிறார்.

பதில்: வேண்டாம். பழைய கனச்சுவர் ஈரத்தை உள்வாங்கி, சுண்ணாம்பு இடுக்குகள் வழியாக வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கும். ஈரம் செங்கலில் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, செங்கலின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். இடுக்கு கெட்டால் மாற்றலாம். செங்கல் போனால் என்ன செய்வீர்கள்?

இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர், கையுளியால் சுரண்டுங்கள். சுழலும் இயந்திரம் செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். நனைத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்புங்கள். பிறகு ஈரச் சணல் சாக்கைத் தொங்கவிட்டுப் பல நாள் மெதுவாகக் காயவிடுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் 90 சதவீதத்துக்கும் மேல் இரண்டாம் தரம் (கிரேட் II) தான். அதில் முகப்புக்கு மட்டுமே பாதுகாப்பு என்ற நினைப்பு தவறு. உள்ளே இருக்கும் படிக்கட்டும் உத்தரமும், வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் மதில்கூட அதில் அடங்கும். கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. அனுமதி இல்லாமல் செய்தால் அது கிரிமினல் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை உண்டு.